தெரிந்ததைத் தெரிந்துகொள்வது

வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு விதி ஒரு சௌகரியம். படிவத்தில் கையெழுத்து சரியாக இருக்கிறதா என்பதோடு என் பொறுப்பு தீர்ந்துவிடுகிறது. எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. விமர்சனத்திலும் இதே சௌகரியத்தைத்தான் தேடிக்கொண்டேனோ என்ற சந்தேகம் சார்லஸ் பிளாக்கைப் படித்தபோது வந்தது.

பிளாக் அமெரிக்க அரசியல் சட்டப் பேராசிரியர்; கொலம்பியாவிலும் யேலிலும் போதித்தவர்; கவிதையும் எழுதியவர். டெக்ஸாஸின் ஆஸ்டின் நகரில் 1915இல் பிறந்த வெள்ளையர். 1931இல், பதினாறு வயதில், உள்ளூர் ஹோட்டலில் நடந்த நடன நிகழ்ச்சிக்குப் போய் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் டிரம்பெட்டைக் கேட்டார். கறுப்பர்களை வேலையாட்களாகவே கண்டு வளர்ந்த பையன் முதல்தடவையாக ஒரு மேதையைப் பார்க்கிறான். அந்த மேதை கறுப்பர். பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று 1954இல் தீர்ப்பான பிரௌன் வழக்கில் கறுப்பர் தரப்பு வாதங்களைத் தயாரித்தவர்களில் பிளாக்கும் ஒருவர். அங்கே போய்ச் சேர்ந்த பாதை அந்த இரவில் தொடங்கியது என்று பின்னாளில் அவரே எழுதினார்.

1959இல் பேராசிரியர் ஹெர்பர்ட் வெக்ஸ்லர் ஒரு கேள்வி எழுப்பினார். பிரிவினை அவருக்கும் உவப்பானதல்ல. ஆனால் தீர்ப்புக்கு ஆதாரமான சார்பற்ற கோட்பாடு எது? சேர்ந்திருக்க விரும்புகிறவனுக்கு உரிமை உண்டென்றால், சேர விரும்பாதவனுக்கு? தர்க்கம் சுத்தமானது. அடுத்த வருஷம் யேல் சட்ட இதழில் பத்தே பக்கத்தில் பிளாக் பதில் எழுதினார். அரசியல் சட்டம் சமத்துவம் கோருகிறது. பிரிவினை ஓர் இனத்தைத் தாழ்த்தி வைக்க ஏற்பட்டது. தெற்கில் வளர்ந்த யாருக்கும் இது தெரியும். எல்லோருக்கும் தெரிந்தது நீதிபதிக்கு மட்டும் தெரியாமலிருக்க வேண்டுமா? தர்க்கத்தை அவர் கைவிடவில்லை; தர்க்கத்தின் பெயரால் கண்ணை மூடிக்கொள்ள மறுத்தார்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். எழுதியவர் சேரியில் பிறந்தவர். படிமங்கள் இறுகவில்லை என்றேன். அது இன்றும் என் அபிப்பிராயம்தான். ஆனால் தனிக்குவளை பற்றிய கவிதையில் அந்தக் குவளையை ‘வெறுமையின் குறியீடு’ என்று எழுதிவிட்டேன். பிரதிக்கு வெளியே போகக்கூடாது என்பது என் கொள்கை. எங்கள் ஊர் டீக்கடையில், வெளிப்பக்கத்து ஆணியில் அந்தக் குவளை தொங்குவதைத் தினமும் பார்த்து வளர்ந்தவன் நான். எனக்குத் தெரியாததல்ல.

மதிப்புரையைத் திரும்ப எழுதப் போகிறேன். படிமங்களைப் பற்றிச் சொன்னதை மாற்றமாட்டேன். அந்தக் குவளை யாருக்காக, எதற்காகத் தொங்கியது என்பதை இம்முறை எழுதுவேன்.