இடது பின்னங்கால்

தருமபுரி நண்பர் கைப்பேசியில் அனுப்பியிருந்தது இருபது நொடிக் காட்சிதான். செம்மண் நிறக் குதிரை ஒன்று நடந்து போகிறது. மூன்று கால்கள் ஒழுங்காக நடக்கின்றன. இடது பின்னங்கால் மட்டும், கொதிக்கிற தரையில் பட்டதுபோல் வெடுக்கென்று வயிறு வரைக்கும் எழும்பி, ஒரு கணம் நின்று, பொத்தென்று விழுகிறது. அடுத்த அடியிலும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிவிட்டேன்.

குதிரைக்காரர் நண்பருக்குத் தம்பி முறை. கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் கடன் வாங்கி 1,20,000 ரூபாய் கொடுத்துப் பிடித்தது. திப்பு சுல்தான் படைக்கே அங்கே குதிரை வாங்கினார்கள் என்று சொல்லிக்கொள்கிற பழைய சந்தை அது. ஆவணி கடைசியில் கால் வெளிப்படையாக வெட்டி இழுக்கத் தொடங்கியிருக்கிறது. ஐப்பசி முதல் முகூர்த்தத்தில் மாப்பிள்ளையைப் பாதி வழியில் இறக்கிவிட்டு, பேசிய பணத்தில் பாதியைத்தான் கொடுத்தார்களாம். லாட ஆணி உள்ளே ஏறியிருக்கும் என்றார் ஒருவர். கண்ணேறு என்றார் இன்னொருவர். தொடையில் சூடு போட்டால் சரியாகும் என்று மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். சூட்டுக்கு நாளும் குறித்தாயிற்று.

"அதுக்கு முன்னாடி லாடக்கார பாய்கிட்ட ஒரு தடவை காட்டிடலாம்ணா" என்றார் தம்பி.

அதியமான்கோட்டைப் பக்கம் சாலையோரப் புளியமரத்தடியில் ஒரு சாக்கு, அதன்மேல் சம்மட்டி, அரம், குளம்பு சீவும் கத்தி, ஒரு குறடு. பாய்க்கு எழுபதைத் தாண்டியிருக்கும். குதிரையைத் தொடவே இல்லை. கல்லில் உட்கார்ந்துகொண்டு, "தார் ரோட்டுல நடத்து தம்பி" என்றார். அவர் பார்த்தது கொஞ்சம், கேட்டதுதான் அதிகம். லாடம் தாரில் விழுகிற சத்தத்தில் நாலாவது அடி தாமதித்து வருவது, அவர் சொன்ன பிறகு எனக்கும் கேட்டது.

"இப்ப ஓட்டு."

ஓடியது. என்னால் நம்பமுடியவில்லை. கால் வெட்டவே இல்லை. நல்ல குதிரை போல ஓடியது. "நிறுத்து. பின்னால தள்ளு." பின்னால் ஓரடி வைத்ததும் கால் வில்லாய் மேலே போய் அங்கேயே நடுங்கியது. இடப்பக்கம் குறுக்கி ஒரு வட்டம் திருப்பச் சொன்னார். இன்னும் மோசம்.

"வலி இல்ல சார் இது" என்றார் என்னிடம். "வலின்னா ஓடறப்ப அதிகமாகும். இது ஓடினா மறையுது. நரம்புக்கோளாறு."

அப்போதுதான் குறடை எடுத்தார். கைப்பிடி வழவழவென்று தேய்ந்து, தாடைகள் நண்டுக் கொடுக்கு மாதிரி வளைந்த இரும்பு. தாத்தாவுடையது. அவர் மத்திகிரியில் லாடம் அடித்தவராம். ஓசூரை அடுத்த மத்திகிரிப் பண்ணை, கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைக்குக் குதிரை வளர்க்க 1824-ல் தொடங்கியது. 1924-ல் கால்நடைத் துறைக்குக் கைமாறி மாட்டுப் பண்ணையானது. குதிரை போனதும் தாத்தா இந்தக் குறடோடு தருமபுரிக்கு நடந்து வந்து ஜட்கா வண்டிகளுக்கு லாடம் கட்டினார். அப்பா காலத்தில் ஜட்காவும் போய் மாடுதான் மிச்சம். மாட்டுக்கு வேலை வேறு மாதிரி. கயிறு போட்டுச் சாய்த்து, நாலு காலையும் கட்டி, பிளந்த குளம்புக்கு ஒன்றுக்கு இரண்டு வில்லையாக எட்டு வில்லை அடிக்க வேண்டும். புளி மூட்டையும் மாங்காயும் ஏற்றிய வண்டி மாடுகள் சந்தைக்கு முதல் நாள் வரிசையில் நிற்குமாம். இப்போது டிராக்டர். பாயின் மகன் பெங்களூரில் லிஃப்ட் மாட்டுகிறார். பாய்க்கு இந்த மாதம் இதுவரை வந்த குதிரை நான்கு.

குளம்பைத் தூக்கி மடியில் வைத்து, குறட்டின் ஒரு தாடையைக் குளம்புச் சுவரிலும் மறு தாடையை அடிப்புறத்திலும் கொடுத்து விரல் விரலாக நகர்த்தி அமுக்கினார். அவர் கண் குளம்பில் இல்லை. குதிரையின் காதில் இருந்தது. வலிக்கிற இடம் வந்தால் காது முதலில் சொல்லிவிடுமாம். சுற்றி முடித்தும் காது அசையவில்லை. ஆணி குற்றமில்லை. அதை அடித்த லாடக்காரர் மீது இரண்டு மாதமாக இருந்த பழியும் அங்கே தீர்ந்தது.

பிறகு கையைத் தொடையிலிருந்து கீழே வழித்துக்கொண்டே வந்தார். மூட்டுக்குக் கீழே, முன்பக்க எலும்பின்மேல் கை நின்றது. என் விரலைப் பிடித்து அங்கே வைத்தார். மயிருக்கு அடியில் குறுக்காக, புளியங்கொட்டை கனத்தில் ஒரு தழும்பு. முள்கம்பியோ கயிறோ அறுத்த பழைய காயம். தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, மயிரை எதிர்ப்பக்கம் கோதினார். நுனி கறுஞ்சிவப்பு. வேர் வெள்ளை. கிழவர் தாடிக்குச் சாயம் பூசி மூன்று வாரம் விட்டால் தெரியுமே, அந்த வெள்ளை. தழும்பின்மேல் முளைத்த நரைமயிருக்கு யாரோ டை அடித்திருக்கிறார்கள்.

தம்பி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "ஓட்டித்தான் காட்டினாங்க பாய். நடக்க வெச்சுக் காட்டவே இல்ல."

சந்தையில் எது பேச்சாகிறது? சுழி. நெற்றியில் இரட்டைச் சுழியா, கழுத்தில் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தரகர் அரைமணி நேரம் பேசுவார். காலைப் பற்றி ஒரு வார்த்தை வராது. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை முடியும். விற்கிறவனிடமும் தரகு, வாங்குகிறவனிடமும் தரகு. குதிரை நின்றாலும் விழுந்தாலும் அந்தக் காசு திரும்பாது. தழும்புக்குச் சாயம் பூசியவன் கைக்கு ஒரு மணி நேரத்தில் போனது, இந்தப் பையன் மூன்று வருடம் அடைக்க வேண்டிய கடன். அதைக் கண்டுபிடித்த கைக்குக் கூலி, நாலு காலுக்கும் லாடம் சேர்த்து 1,200 ரூபாய். வாங்குமுன் பத்து அடி நடத்தி, ஐந்து அடி பின்னால் தள்ளிக் காட்டச் சொல்ல ஒரு லாடக்காரரை ஒரு நாள் கூலிக்கு அழைத்துப் போனால் போதும். யாரும் அழைத்துப் போவதில்லை. எனக்கு அங்கே ஏற்பட்ட கோபம் இன்னும் ஆறவில்லை.

மறுநாள் கால்நடை மருத்துவர் பார்த்தார். பாய் சொன்னதைச் சொன்னோம். அவரும் குதிரையைப் பின்னால்தான் முதலில் தள்ளினார். இதற்கு ஸ்ட்ரிங்ஹால்ட் என்று பெயர் சொன்னார். மாடு, எருமையில் முட்டிச்சில்லு ஏறி மாட்டிக்கொண்டு கால் மடங்காமல் பின்னால் விறைத்து இழுபடுவது நம் ஊரில் சாதாரணம். சில்லின் உட்புறத் தசைநாரை அறுத்தால் சரியாகிவிடும். இது நேர் எதிர். மடங்குவது அளவு மீறுகிறது. ஒரு காலா, இரண்டு காலா, எங்கே மேய்கிறது என்று கேட்டார். ஆஸ்திரேலியாவில் வறண்ட கோடைக்குப் பிறகு மேய்ச்சலில் மண்டுகிற ஒரு மஞ்சள்பூக் களையைத் தின்று, இரண்டு பின்னங்கால்களும் இப்படி வெட்டுகிற குதிரைகள் உண்டாம். மேய்ச்சலை மாற்றினால் பல மாதத்தில் பெரும்பாலும் தேறிவிடுமாம். இதற்கு ஒரு கால்தான், தழும்பும் இருக்கிறது. அடிபட்டுச் சில மாதம் கழித்தே கால் வெட்டத் தொடங்குவதுண்டு. மூட்டின் வெளிப்பக்கம் ஓடும் தசைநாரில் ஒரு துண்டை எடுக்கும் அறுவை இருக்கிறது. எல்லாக் குதிரைக்கும் ஒரே மாதிரி பலிக்காது. முதலில் தினமும் நடை. தை வரை பார்க்கலாம். சூடு போட்டால் இன்னொரு தழும்புதான் மிச்சம் என்று இரண்டு தடவை சொன்னார்.

மாலை மறுபடி புளியமரத்தடிக்குப் போனோம். பழைய லாடம் தேய்ந்திருந்தது. மற்ற மூன்று கால்களும் முடிந்த விதம் எனக்குச் சரியாக நினைவில் இல்லை. நாலாவதுக்காகக் காத்திருந்தேன். வெட்டுகிற காலை எப்படிப் பிடித்து ஆணி அடிப்பது?

பாய் அதைப் பிடித்து இழுக்கவில்லை. பக்கத்தில் குனிந்து நின்று, குதிரையை ஓரடி பின்னால் தள்ளச் சொன்னார். கால் விருட்டென்று மேலே போனது. உச்சியில் நின்ற அந்த ஒரு கணத்தில் குளம்புக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்தார். கால் அவர் கையோடு சேர்ந்து மெல்ல இறங்கி மடியில் வந்து உட்கார்ந்தது. "அது போறப்ப விடணும். வர்றப்ப வாங்கணும்" என்றார்.

லாடத்தில் எட்டு ஓட்டை. ஆறில் மட்டும் ஆணி இறக்கினார். ஒவ்வொரு அடிக்கும் 'டிங்' என்று கெட்டியான சத்தம். அது மந்தமானால் ஆணி சதைப்பக்கம் போகிறதென்று அர்த்தமாம். வெளியே எட்டிப் பார்த்த நுனிகளை முறித்து, மடக்கி, அரத்தால் ராவினார். காலைக் கீழே போடவில்லை. அதே உள்ளங்கையில் ஏந்தித் தரை வரைக்கும் கொண்டுபோய் விட்டார்.

"தார் ரோட்டுல நடத்து."

தம்பி நடத்தினார். பாய் கல்லில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக் கேட்டார். நாலாவது சத்தம் இன்னமும் தாமதித்துத்தான் வந்தது.

"கார்த்திகை கடைசியில கூட்டிட்டு வா தம்பி" என்று சொல்லிவிட்டு, குறடைத் துடைத்துச் சாக்கில் சுற்றினார்.