அப்பா கடைக்கு எந்த சாஃப்ட்வேர்?

வீட்ல சின்னதா ஒரு கடை இருந்து, நீங்க இன்ஜினியரிங் படிச்சா, இந்த வேலை உங்க தலையில வந்து விழாம போகாது. "நீதான் கம்ப்யூட்டர் படிக்கிறியே, கணக்குக்கு எது நல்லதுன்னு பார்த்துச் சொல்லு." இத்தனைக்கும் நான் மெக்கானிக்கல்.

எங்களுக்கு ஹார்டுவேர் கடை. பைப், பெயிண்ட், ஆணி, சிமெண்ட். வியாபாரம் அப்பா, கணக்கு அம்மா. நெட்ல தேடினா வர்ற ஒப்பீடு எல்லாமே விலை என்ன, கிளவுடா, மொபைல்ல ஓடுமான்னுதான் பேசுது. அம்மா கேட்ட முதல் கேள்வி அதுல எதுலயும் இல்ல. "பைப்பை அடிக்கணக்குல விக்க முடியுமா?"

யோசிச்சுப் பாருங்க. பைப் 20 அடி நீளமா வாங்குறோம். பிளம்பர் வந்து 7 அடி கேட்பார். ஆணி பெட்டியில வரும், 100 கிராமா போகும். வாங்குற அளவு ஒண்ணு, விக்கிற அளவு வேற. ரெண்டையும் இணைச்சு ஸ்டாக் சரியா காட்டலேன்னா அந்த சாஃப்ட்வேர் வெறும் பில் அடிக்கிற மெஷின்தான். அதனால டெமோ காட்ட வர்றவங்ககிட்ட அவங்க கொண்டு வர்ற உதாரணத்தைப் பார்க்காதீங்க. உங்க கடையோட நேத்து பில்லை நீட்டி, "இதைப் போட்டுக் காட்டுங்க"ன்னு சொல்லுங்க. பாதிப் பேர் அங்கேயே கழிஞ்சுடுவாங்க.

அடுத்தது ஜிஎஸ்டி. 2017 ஜூலை 1-க்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது, அப்போ நான் ஸ்கூல் பையன். இப்போ நடக்கிறது இது. ஒரு லட்சத்துக்குச் சரக்கு வாங்கினா, 18 சதவீதம்னு 18,000 ரூபாய் வரி சேர்த்துக் கொடுக்கிறோம். நாம கட்ட வேண்டிய வரியில அதைக் கழிச்சுக்கலாம். ஆனா நமக்கு வித்தவர் அந்த பில்லை அவரோட ஜிஎஸ்டிஆர்-1-ல காட்டியிருக்கணும். மாசாமாசம் ஃபைல் பண்றவங்களுக்கு 14-ஆம் தேதி வர்ற ஜிஎஸ்டிஆர்-2பி-ல அது இல்லேன்னா, காசு கொடுத்தும் அந்த மாசம் கழிக்க முடியாது. ஆக, நம்ம கொள்முதலையும் 2பி-யையும் பக்கத்துல வச்சு எந்த பில் விட்டுப்போச்சுன்னு காட்டுற சாஃப்ட்வேர் வேணும். க்னூகேஷ் இலவசம், ஓபன் சோர்ஸ், எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஆனா நம்ம ஜிஎஸ்டிக்காகச் செஞ்சது இல்ல, விட்டுட்டேன்.

வரி மாறும்போது என்ன ஆகுதுன்னும் பாருங்க. 2025 செப்டம்பர் 22-ல சிமெண்ட் 28-லிருந்து 18 சதவீதத்துக்கு இறங்கிச்சு. புது பில் 18-ல வரணும், பழைய பில் 28-லயே நிக்கணும். எந்தத் தேதியிலிருந்துன்னு குறிச்சு வரியை மாத்துற வசதி இல்லேன்னா தலைவலிதான்.

கடைசியா டேலிக்கே வந்தோம். பெரிய காரணம் எதுவும் இல்ல. எங்க ஆடிட்டர் ஆபீஸ்ல அதுதான் ஓடுது, சந்தேகம்னா கேட்க ஊர்லயே நாலு பேர் இருக்காங்க. இந்த ரெண்டும் எந்த ஒப்பீட்டுப் பட்டியல்லயும் வராது. அம்மா மவுஸைத் தொடுறதே இல்ல. எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல், விரல் தானா போகுது.

அப்பாவைச் சமாளிக்கிறதுதான் கஷ்டமா இருந்துச்சு. ஒரு மொபைல் ஆப்ல, பாக்கி வச்சவங்களுக்கு ஒரு தட்டுல வாட்ஸ்அப்ல ஞாபகப்படுத்தலாம். நான் பெருமையா காட்டினேன். அப்பா கடன் நோட்டைத் திறந்து ஒரு பேரைக் காட்டினார். "இந்த மேஸ்திரி பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கான். இப்போ மெசேஜ் போனா, அடுத்த வீட்டு வேலைக்கு வேற கடைக்குப் போயிடுவான்." இன்னொரு பக்கத்துல பிளம்பர் பேர்ல சரக்கு, அடைப்புக்குறியில வீட்டுக்காரர் பேர். காசு யார் தருவாங்கன்னு அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும்.

நோட்டு அப்படியே இருக்கு. யார் பேர்ல ஏத்தணும்னு வாரத்துக்கு ஒருநாள் அப்பா வாயால சொல்ல, அம்மா டேலியில ஏத்துறாங்க. அப்பா இல்லாத ஒருநாள் இந்தக் கடன் யாருதுன்னு தெரியணுமேன்னு அம்மாவுக்கு ஒரு பயம் உண்டு. அப்பாகிட்ட அதை அவங்க சொன்னதில்ல.

ஜூலையில நான் வேலைக்குக் கிளம்பணும். அதுக்குள்ள பேக்கப் பழக்கம் வரணும்னு, சனிக்கிழமை கடை சாத்தினதும் பென் டிரைவ்ல எடுக்கச் சொல்லிக் கொடுத்தேன். போன வாரம் ஹாஸ்டல்ல இருந்து போன் பண்ணி ஞாபகப்படுத்தல. எடுத்து, தேதி போட்டு, பீரோவுல நகைப் பெட்டிக்குப் பக்கத்துல வச்சிருக்காங்க.