யாரோ வார்த்த அடை

சாப்பாட்டைப் படமெடுப்பது என் தொழில். மயிலாப்பூர், தி. நகர், அடையாறு என்ற மூன்று வட்டாரங்களுக்குள்தான் பிழைத்தேன், பெயரும் வாங்கினேன். அந்தப் பெயரை வாங்குகிற ஓட்டத்தில், மயிலாப்பூரில் சின்னதாக மெஸ் நடத்தும் ஒரு மாமிக்குத் துரோகம் செய்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அவர் பெயரையும் கடையின் பெயரையும் சொல்லப்போவதில்லை. தப்பு என்னுடையது, அதற்கு அவருடைய முகவரி வேண்டாம்.

கல்யாண வீடுகளில் விளக்குப் பிடிக்கும் பையனாக இந்தத் தொழிலுக்குள் வந்தவன் நான். மணமேடையைச் சுற்றி எப்போதும் கேமராக் கூட்டம். பந்தியை எடுக்கத்தான் ஆள் இருக்காது. இலையில் சோற்றை அணை கட்டி ரசம் வாங்குகிற கைகள், பாயசத்தில் மிதக்கும் நெய்த்துளி, இதிலெல்லாம் என் கண் போனது. செகண்ட் ஹேண்டில் ஒரு கேமரா, கடன் வாங்கி ஒரு நூறு எம்.எம். மேக்ரோ லென்ஸ், ஒரு ட்ரைபாட், வெளிச்சத்தைத் திருப்பிவிட இரண்டு தெர்மகோல் அட்டை. ரங்கநாதன் தெருவில் எவர்சில்வர் தட்டுகள், மாட வீதியில் பித்தளை டபரா. இவ்வளவுதான் முதலீடு.

நான் தொழிலுக்கு வந்த நேரம் நல்ல நேரம். சொமாட்டோ 2008இல் தொடங்கியது, ஸ்விக்கி 2014இல் பெங்களூரில் தொடங்கியது. சாப்பாட்டை வீட்டுக்கே கொண்டுவரும் இந்த இரண்டு செயலிகளும் சென்னை அடுப்படிகளுக்குள் நுழைந்த பிறகு, தட்டு வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் படம் தேவைப்பட்டது. அதற்கு முன்னால் மயிலாப்பூரில் யார் படத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள்? அருண்டேல் தெரு பக்கத்துச் சந்துக்குள் இருக்கும் ராயர் மெஸ்ஸைக் காலையில் தேடிக்கொண்டு போகிறவர்களும், தேரடிப் பக்கம் காளத்தி கடையில் ரோஸ் மில்க் குடித்தவர்களும் இன்னொருவர் வாயால் கேட்டுப் போனவர்கள். 1951இல் மீனாட்சி அம்மாள் எழுதிய 'சமைத்துப் பார்' வெறும் எழுத்தை வைத்தே தலைமுறைகளுக்குச் சமையல் சொல்லிக்கொடுத்தது. பத்து வருஷத்தில் அதெல்லாம் தலைகீழானது. கைப்பேசியில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு படம். அதைப் பார்த்துத்தான் பசி முடிவெடுத்தது.

எனக்குக் கூலி ஐட்டம் கணக்கில். எத்தனை ஐட்டம் முடிக்கிறேனோ அத்தனை காசு. காலையில் அடையாறு காந்தி நகரில் ஒரு உணவகம், மதியம் தி. நகரில் ஒன்று, சாயங்காலம் மயிலாப்பூரில் ஒன்று. கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றாமல் வண்டி ஓட்டியிருக்கிறேன்.

தொழிலில் சில கைவேலைகள் உண்டு. ஃபில்டர் காபியின் நுரை சீக்கிரம் அடங்கிவிடும். பாத்திரம் கழுவும் சோப்பை அடித்து அந்த நுரையை ஸ்பூனில் அள்ளி மேலே வைத்தால் அரை மணி நிற்கும். இட்லிக்குப் பின்னால் துணி தேய்க்கும் ஸ்டீமரைப் பிடித்தால் ஆவி. பழத்தின் மேல் கிளிசரின் கலந்த தண்ணீரைத் தெளித்தால் வழியாத துளிகள். சாம்பார்க் கிண்ணத்துக்குள் குட்டிக் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்துவிட்டால் முருங்கைக்காய் மேலே நிற்கும். அமெரிக்காவில் 1960களின் கடைசியில் கேம்ப்பெல் சூப் விளம்பரத்துக்காக இதையேதான் செய்தார்கள். காய் அடியில் தங்கிவிடாமல் இருக்கக் கிண்ணத்துக்குள் கோலிக்குண்டுகளைப் போட்டார்கள். அந்நாட்டு வணிக ஆணையம் அதைப் பிடித்தது; இனிமேல் செய்வதில்லை என்று 1970இல் அந்த நிறுவனம் உடன்பட்டது. இந்தக் கதை தெரிந்துதான் நான் கிண்ணத்தைக் கவிழ்த்தேன். அதற்காக எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அந்தச் சாம்பார் அந்தக் கடை அடுப்பில் கொதித்த சாம்பார். அடுத்து நான் செய்ததற்கு அந்தச் சமாதானமும் கிடையாது.

பங்குனியில் அறுபத்து மூவர் அன்று அது நடந்தது. கபாலீஸ்வரர் கோயிலைச் சுற்றி மாட வீதிகளில் கால் வைக்க இடமில்லை. வழியெல்லாம் நீர்மோர், பானகம், பொட்டலம் பொட்டலமாகப் புளியோதரை. வண்டியை லஸ்ஸிலேயே விட்டுவிட்டுப் பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தேன். மெஸ்ஸுக்குள் நுழைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. உள்ளே ஒரே ஒரு ட்யூப்லைட். ராத்திரிக்குள் படங்களை அனுப்பியாக வேண்டும்.

அன்றைக்கு அத்தனை கூட்டத்துக்கு நடுவிலும் மாமி எனக்காகக் கல்லைக் காயப்போட்டார். அவர் அடை மாவு கொரகொரவென்று இருக்கும். பருப்பு வாயில் தட்டுப்பட வேண்டும் என்பார். கரண்டியால் தேய்க்க மாட்டார். மாவைக் கல்லில் வைத்து, விரலைத் தண்ணீரில் நனைத்துத் தட்டித் தட்டிப் பரத்துவார். அதனால் ஓரம் ஒரு ஒழுங்கில் இருக்காது. தோசைத் திருப்பியின் முனையால் நடுவில் ஓட்டை போட்டு அதில் நல்லெண்ணெய் விடுவார். ஓரத்தில் மொறுமொறுப்பு, நடுவில் கனம், ஓட்டையைச் சுற்றி வளையமாகக் கருஞ்சிவப்பு. தட்டில் வைத்து, பக்கத்தில் வெண்ணெயும் வெல்லமும் வைத்தார்.

"ஆறிடும்ப்பா. முதல்ல சாப்பிடு, அப்புறம் படம் எடுத்துக்கோ" என்றார்.

சாப்பிட்டேன். அப்படி ஓர் அடையை நான் அதற்கு முன்னால் சாப்பிட்டதில்லை. அடுத்து வார்த்ததைப் படமெடுத்தேன். திரையில் பார்த்தால் பழுப்புத் தட்டில் ஒரு பழுப்புக் கட்டி.

குற்றம் அடையில் இல்லை. செயலிக்குச் சதுரப் படம் வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் நேர்மேலிருந்து எடுத்துப் பழகியிருந்தேன். வாழையிலைச் சாப்பாட்டுக்கு அந்தக் கோணம் சரி. அடைக்கு அதுதான் எமன். அதன் கனமே அதன் குணம். மேலிருந்து பார்த்தால் கனம் தெரியாது. கேமராவைத் தட்டு மட்டத்துக்கு இறக்கி, வெளிச்சத்தைப் பின்பக்கத்திலிருந்து சாய்வாக வரவிட்டால் அந்தக் கொரகொரப்பு ஒவ்வொரு பருப்பாக நிழலோடு எழுந்து நிற்கும். எனக்கு அது தெரியும். மறுநாள் காலை வெயிலில் வந்திருந்தால் எடுத்திருக்கலாம். மறுநாள் காலை எனக்கு தி. நகரில் வேறு வேலை இருந்தது.

வீட்டுக்கு வந்து, சில வாரங்களுக்கு முன்னால் அடையாறு உணவகம் ஒன்றில் எடுத்த அடையின் படத்தைத் திறந்தேன். மெல்லிசாக, அச்சு வட்டமாக, பொன்னிறமாக இருந்தது. மேலே சதுரமாக ஒரு வெண்ணெய்த் துண்டு. சூடான அடையில் வெண்ணெய் அப்படி நிற்காது. அது நின்றதற்குக் காரணம், படமெடுக்கும்போது அடை ஆறிப்போயிருந்தது. அந்தப் படத்தின் பின்னணி நிறத்தை மட்டும் மாற்றி, மாமியின் மெஸ் பெயரைப் போட்டு அனுப்பினேன். மாமியின் அடையை எடுத்த படங்களை அழித்தேன். ஒரே படத்துக்கு இரண்டு இடத்தில் காசு வந்தது.

அதற்குப் பிறகு கை பழகிவிட்டது. இட்லி இட்லிதானே, பூரி பூரிதானே என்று சொல்லிக்கொண்டேன். ஒரு கடையின் மெதுவடையை இன்னொரு கடைக்கு மாற்றினேன். வேகமாக முடித்துத் தருகிறவன் என்ற நல்ல பெயர் கிடைத்தது. அந்தப் பெயரால் பெரிய வேலைகள் வந்தன. இன்றைக்கு எனக்கென்று ஸ்டுடியோ இருக்கிறதென்றால், அதில் அந்தப் படங்களின் காசும் இருக்கிறது.

2020 ஊரடங்கில் மாமியின் மெஸ்ஸுக்குள் யாரும் வந்து உட்கார முடியாத நிலை. பார்சல் மட்டும்தான். புதிதாக ஆர்டர் போடுகிறவருக்கு மாமியையும் தெரியாது, அந்த வாசனையும் தெரியாது. நான் கொடுத்த படம்தான் தெரியும். கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகு ஒருநாள் அந்தப் பக்கம் போனேன். மாமி உட்காரவைத்து அடை போட்டார். மெல்லிசாக இருந்தது. வட்டமாக இருந்தது. நடுவில் ஓட்டை இல்லை. மேலே ஒரு வெண்ணெய்த் துண்டு.

நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். "வரவா எல்லாம் போனைக் காமிச்சு, இது இல்லியேங்கறா. ரெண்டு தரம் பார்சல் திரும்பியே வந்துடுத்து. நீ எடுத்ததுல எவ்ளோ அழகா வந்திருக்கு! அன்னிக்கு எப்படி அப்படி வார்த்தேன்னு எனக்கே புரியலை. அதைப் பாத்துப் பாத்துத்தான் இப்ப பழகிண்டேன்."

பருப்பைக் குறைத்து அரிசியைக் கூட்டியிருந்தார். கரண்டியால் தேய்க்க வரவேண்டும் என்று மாவை நைசாக அரைத்திருந்தார். பல வருஷமாகக் கையில் இருந்த பக்குவத்தை, தான் எப்போதோ இதைவிட நன்றாகச் செய்திருக்கிறோம் என்று நம்பி மாற்றிக்கொண்டிருந்தார்.

அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். "நல்லா இருக்கு மாமி" என்று சொல்லிவிட்டுக் கை கழுவினேன். படத்தை மாற்றி அனுப்பிய ராத்திரியைவிட அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் அதிகம் வெட்கப்படுகிறேன். அன்றைக்கு அவசரம் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இன்றைக்கு என்ன அவசரம்? மாமி எனக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தார்.

2024 ஆகஸ்டில், செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய உணவுப் படங்களை நீக்கப்போவதாக சொமாட்டோ அறிவித்தது. இல்லாத சாப்பாட்டின் படத்தைப் பார்த்து ஆர்டர் செய்கிறவர்களின் நம்பிக்கை உடைகிறது, புகார் கூடுகிறது என்று காரணம் சொன்னார்கள். எங்கள் தொழிலில் எல்லோரும் அதைக் கொண்டாடினோம். ஒரு கூட்டத்தில் நானும் எழுந்து, சமைக்காத சாப்பாட்டுக்குப் படம் எப்படி இருக்கலாம் என்று பேசினேன், கைதட்டல் வாங்கினேன். இறங்கி வரும்போது கால் நடுங்கியது. எந்திரம் வருவதற்கு வெகுகாலம் முன்பே அதைச் செய்தவன் நான். தவறான விளம்பரங்கள் பற்றி 2022 ஜூனில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் தயாரிப்பாளரை, வியாபாரியை, விளம்பர நிறுவனத்தை, பரிந்துரைக்கும் பிரபலத்தைச் சொல்கின்றன. படமெடுப்பவன் என்று தனியாகச் சொல்லவில்லை. அந்த இடைவெளிக்குள் ஒளிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை. கடையில் இருந்தவர்களுக்கு அது எந்த அடை என்று தெரியாது. எனக்கு மட்டும் தெரியும்.

அந்த வாரமே மாமியிடம் போய்ச் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. அடையாறு உணவகத்தின் படத்தையும் அவருடைய மெஸ் பெயரில் போட்ட படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"அப்போ இத்தனை நாளா நான் யார் அடையை வார்த்துண்டிருக்கேன்?"

என்னிடம் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டேன். "அதை நீயே வெச்சுக்கோ" என்றார். அவ்வளவு கோபமாக அவரைப் பார்த்ததில்லை. அந்தப் படத்தை நீக்கு என்றார், பழையபடி அரைக்கிறேன், வந்து எடுத்துக் கொடு, ஒரு பைசா கிடையாது என்றார். சரி என்றேன்.

ஒரு காலை முழுக்க அந்த ஒரே ஐட்டத்தை எடுத்தேன். கொல்லைப்புறக் கதவு வழியாக வந்த வெயிலை வெள்ளைத் துணியால் வடிகட்டி, கேமராவைத் தட்டு மட்டத்துக்கு இறக்கினேன். மாமிக்கு முதல் இரண்டு அடை சரியாக வரவில்லை, கை மறந்திருந்தது. மூன்றாவதில் விரல் தானாகத் தட்ட ஆரம்பித்தது. ஓட்டையில் எண்ணெய் குமிழியிடுவது, விண்டு வைத்த துண்டின் உள்ளே பருப்பு, வெல்லத்தின் பக்கத்தில் உருகி ஓடிய வெண்ணெய், எல்லாம் படத்தில் இருக்கின்றன. நான் எடுத்த படங்களிலேயே நேர்மையானது அது.

அதைப் போட்ட பிறகு அடைக்கு ஆர்டர் குறைந்துவிட்டது. மாமியின் மகன் போனில் சொன்னார். கைப்பேசியில் சின்னதாகப் பார்க்கும்போது கறுப்பாகத் தெரிகிறது, பழைய படத்தையே திரும்பப் போட்டுவிடலாமா சார் என்று கேட்டார். முடியாது என்றேன். வருமானத்தில் விழுந்த குறையை நான் தருகிறேன் என்று மாமியிடம் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. மகனிடம் பேசி, கடையின் மற்ற ஐட்டங்களையும் கூலியில்லாமல் புதிதாக எடுத்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

மற்ற கடைகளுக்கும் ஒவ்வொன்றாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சிலர் திட்டினார்கள். அடையாறு உணவகக்காரர் தன் அடையின் படம் வேறெங்கோ ஓடியது தெரிந்து வருத்தப்பட்டார், அது நியாயம். தி. நகரில் ஒருவர் மட்டும் மாற்ற மறுக்கிறார். அந்தப் பூரிப் படத்தால்தான் வியாபாரம் நடக்கிறதாம். அந்தப் பூரி அவர் கடையில் பொரித்தது இல்லை. படத்தின் உரிமை என்னிடம் இருக்கிறது, நீக்கிவிடுங்கள் என்று அவருக்குக் கடிதம் எழுதிவிட்டேன். இந்த வாரம் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன்.