அம்மா தைத்த சீட்டுகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. காசிமேட்டில் படகுகளைப் பழுது பார்ப்பது பெரும்பாலும் அப்போதுதான். டிரைவர் உட்காரும் சீட்டின் கிழிந்த உறையும் அந்த நாட்களில் ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வரும். மற்ற மாதங்களில் ஆட்டோ சீட், தடைக்காலத்தில் போட் சீட் என்று அம்மா முப்பது வருடம் ரெக்சின் தைத்தார்.

ரெக்சின் என்பது துணிமேல் பூசிய பிளாஸ்டிக். அதை வளையவைக்கும் எண்ணெய்ப்பசை வெயிலில் மெல்ல வெளியேறிவிட, மடிப்புகளில் வெடிப்பு விழும். வெடிப்பு வழியே இறங்கும் தண்ணீரை ஃபோம் குடித்துக்கொள்ள, அடிப்பலகை மக்கும். ஒட்டுப் போட்டால் நிற்காது. பழைய உறையைப் பிளேடால் தையல் தையலாகப் பிரித்து, அதையே அளவாக வைத்துப் புதியதை வெட்ட வேண்டும். பருத்தி நூல் ஈரத்தில் இற்றுவிடும். பாலியஸ்டர் நூல் வேண்டும். "தையல நெருக்கிப் போடாதடி, ஸ்டாம்ப் மாதிரி கிழிஞ்சுடும்" என்பார். துணியில் ஊசித் துளை மூடிக்கொள்ளும். ரெக்சினில் அப்படியே நிற்கும்.

இவ்வளவு தெரிந்தவருக்கு எங்கள் தெருவில் பட்டம் எதுவும் இல்லை. உறையை இழுத்து மாட்டி ஆணி அடிப்பவர் 'சீட் மேஸ்திரி'. அவருக்கு நாள் கூலி. அம்மாவுக்கு உருப்படிக்கு இவ்வளவு என்று காசு. பெண்ணைப் படகில் ஏற்றமாட்டார்கள் என்பதால், தான் தைத்தது எப்படிப் பொருந்தியது என்று அவர் பார்த்ததே இல்லை. அளவு சரியில்லை என்று உறை திரும்பி வரும்போது மட்டும் தைத்தது யார் என்று எல்லோருக்கும் நினைவு வரும்.

டிரைவருக்கு முதுகு வலிக்கும், ஃபோம் கூடுதலாக வையுங்கள் என்பார்கள். நியாயம்தான், நாள்கணக்கில் கடலில் உட்காருகிறவர். அதைத் தைத்த அம்மா உட்கார்ந்தது சாய்மானமில்லாத ஸ்டூலில்.

நான் வேலை பார்த்த துணிக்கடையில் அந்த ஸ்டூலும் கிடையாது. காலையில் நின்றால் இரவு வரை நிற்க வேண்டும். கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்றது. தமிழ்நாடு 2021இல், தன் 1947ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தது. செய்தியை வாசித்துக் காட்டினேன். "ஒக்கார்றதுக்கு ஒரு சட்டமா?" என்று அம்மா சிரித்தார்.

அது அவரை எட்டாத சட்டம். வீட்டில் உருப்படிக் கணக்கில் தைப்பவருக்கு முதலாளி யார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. நான் நின்றே முதுகைத் தொலைத்தேன், அவர் உட்கார்ந்தே தொலைத்தார். உழைக்கும் உடம்புக்கு என்ன வேண்டும் என்று எங்கள் இருவரையும் யாரும் கேட்கவில்லை.

இருக்கை கேட்பதும் கூலி கேட்பதும் ஒன்றுதான். கடைக்குள் வந்த சட்டம் மெஷின் ஓடும் வீட்டுக்கும், கூடையோடு மீன் விற்கும் நடைபாதைக்கும் வரவேண்டும். அதைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.