கோடிட்ட இடம்

நம் பள்ளி மாணவர்கள் அனைவருக்கும் பழக்கமான தொடர் ஒன்று உண்டு: 'கோடிட்ட இடங்களை நிரப்புக.' வீட்டுப்பாடத் தாளில் அதனைக் கண்டவுடன் பிள்ளைகளின் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். கட்டுரை எழுதுவதைக் காட்டிலும் இது எளிது என்பது அவர்கள் எண்ணம். நம் பள்ளியில் எட்டாம் நிலை வரை பயின்று, இப்பொழுது கல்லூரியில் இறுதியாண்டில் இருக்கும் என் மகளும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியவள்தான். இக்குளிர்காலம் முழுவதும் அவள் எங்கள் வீட்டு உணவு மேசையில் அமர்ந்து கோடிட்ட இடங்களை நிரப்பிக்கொண்டிருந்தாள். முகம் மட்டும் மலரவில்லை. மேற்படிப்புக்கான ஜி.ஆர்.ஈ. தேர்வுக்கு அவள் ஆயத்தம் செய்துகொண்டிருந்தாள். விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று ஆசிரியர்கள் கேட்டபொழுது, அம்மேசையருகே நான் கற்றுக்கொண்டதையே எழுதலாம் என்று தோன்றியது.

அதே தேர்வை 1989இல் சென்னையில் நானும் எழுதினேன். திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலை நடைபாதைக் கடையில், அட்டை கிழிந்த பாரன்ஸ் வழிகாட்டி நூல் ஒன்றை வாங்கினேன். அதில் 3500 சொற்கள் கொண்ட நெடும் பட்டியல் இருந்தது. நம் முன்னோர் திண்ணைப் பள்ளிகளில் சூடாமணி நிகண்டை மனப்பாடம் செய்தது போல, நாளொன்றுக்கு ஐம்பது சொற்கள் என்று கணக்கிட்டு உருப்போட்டேன். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரில் பென்சிலால் ஒரே ஒரு தமிழ்ச் சொல் எழுதிக்கொள்வேன். ஒன்றுக்கு ஒன்று; அவ்வளவுதான். அக்காலத் தேர்வில் எதிர்ச்சொல் கேட்கும் வினாக்கள் பல இருந்தமையால் இம்முறை நன்றாகவே பலித்தது. நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது, அமெரிக்காவுக்கு வரும் வாய்ப்பும் கிடைத்தது.

வந்த பிறகுதான் உண்மை தெரிந்தது. என் துறை அலுவலகத்தில் வயது முதிர்ந்த செயலாளர் ஒருவர் இருந்தார். தங்கும் இடம் முதல் குளிருக்கான மேலங்கி வரை எனக்கு ஏற்பாடு செய்து தந்தவர் அவர்தாம். முதல் ஆண்டின் முடிவில் அவருக்கு நன்றிக் கடிதம் ஒன்று எழுதினேன். எளிய சொற்களால் எழுதினால் என் கல்விக்கு இழுக்கு என்று கருதி, அவருடைய 'அஃபீசியஸ்' ஆன உதவியை என்றும் மறவேன் என்று எழுதிக் கொடுத்தேன். என் பட்டியலில் அச்சொல்லுக்கு எதிரே 'வலியச் சென்று உதவுகின்ற' என்று குறித்து வைத்திருந்தேன். அச்சொல்லின் முழுப்பொருளோ, வேண்டாத இடத்திலும் மூக்கை நுழைத்து உதவ வந்து தொல்லை தருகின்ற என்பது. நான் பாதிப் பொருளை எடுத்துக்கொண்டு மீதியைத் தொலைத்திருந்தேன். அந்த அம்மையார் கடிதத்தைப் படித்தார், சற்று நேரம் என்னைப் பார்த்தார், நன்றி என்றார். அதன் பின்னரும் உதவுவதை அவர் நிறுத்தவில்லை. ஈராண்டுகள் கழித்து ஒரு செய்தித்தாள் கட்டுரையில் அச்சொல்லை அதற்குரிய வாக்கியத்தில் கண்டபொழுது என் காது மடல்கள் சுட்டன. மன்னிப்புக் கேட்கலாம் என்று அலுவலகத்துக்குச் சென்றால், அவர் ஓய்வு பெற்று வேறு மாநிலத்துக்குச் சென்றுவிட்டிருந்தார்.

ஆகவே என் மகள் சொல் அட்டைகளுடன் அமர்ந்ததும், என் அனுபவத்தைச் சொல்லி எச்சரித்தேன். அவள் சிரித்துவிட்டு, "அப்பா, இப்பொழுது அந்தத் தேர்வே இல்லை" என்றாள். உண்மைதான். எதிர்ச்சொல் வினாக்களையும் ஒப்புமை வினாக்களையும் 2011இல் நீக்கிவிட்டார்கள். 2023இல் தேர்வின் நேரத்தையும் ஏறத்தாழ இரண்டு மணியாகக் குறைத்துவிட்டார்கள். இன்று சொல்லறிவைச் சோதிப்பவை பெரும்பாலும் கோடிட்ட இடங்களே. ஒரு பத்தியில் மூன்று கோடுகள் வரை இருக்கும். மூன்றையும் சரியாக நிரப்பினால்தான் மதிப்பெண். இரண்டு சரி, ஒன்று தவறு என்றால் ஒன்றும் கிடையாது. மற்றொரு வகையில் ஒரே கோட்டுக்கு ஆறு சொற்கள் தந்து, வாக்கியத்துக்கு ஒரே பொருளைத் தரும் இரண்டினைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். பட்டியலை மட்டும் நம்பிச் செல்வோர் இங்கே தடுமாறுவர்.

அவள் பயின்ற முறை எனக்குப் பிடித்திருந்தது. விடைச் சொற்களை ஓர் அட்டையால் மறைத்துவிடுவாள். வாக்கியத்தை மட்டும் படித்து, கோட்டில் என்ன வரலாம் என்பதைத் தன் சொந்தச் சொல்லால், சில வேளைகளில் தமிழிலேயே, முதலில் எழுதுவாள். அதன் பிறகே விடைகளைத் திறப்பாள். 'ஆயினும்', 'மாறாக', 'ஏனெனில்' என்னும் பொருள் தரும் இணைப்புச் சொற்களை முதலில் வட்டமிடுவாள். "அவர் வழக்கமாக நெடுநேரம் பேசுவார், ஆயினும் அன்று ____ பேசினார்" என்று ஒரு வாக்கியம் இருந்தால், கோட்டில் வரவேண்டியது சுருக்கம் என்பதை 'ஆயினும்' காட்டிக் கொடுத்துவிடுகிறது. 'லகானிக்' என்னும் சொல் முன்பின் தெரியாதவர்கூட வாக்கியத்தின் கைபிடித்து அதன் அருகே சென்றுவிடலாம்.

இது மேனாட்டார் கண்ட புதுமை என்று மாணவர்கள் எண்ண வேண்டா. தொல்காப்பியத்தின் உரியியலில், பழக்கத்தில் இல்லாத சொற்களின் பொருளை அவற்றுக்கு முன்னும் பின்னும் வரும் சொற்களை ஆராய்ந்து உணர வேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. நிகண்டை உருப்போட்ட எனக்கு இது 1989இல் தெரியாமற் போயிற்று. தமிழில் வல்லவன் என்ற நினைப்பு மட்டும் அப்போதே இருந்தது!

என் மகளுக்குச் சொற்களின் பிறப்பை அறிவதில் ஆர்வம் மிகுதி. லகானிக் என்பது சுருங்கப் பேசுவதற்குப் பெயர் பெற்ற ஸ்பார்ட்டா மக்களின் நாடாகிய லக்கோனியாவிலிருந்து வந்தது. பொருள்களைப் பாழ்செய்பவனைக் குறிக்கும் 'வாண்டல்' என்பது, கி.பி. 455இல் ரோம் நகரைக் கொள்ளையிட்ட ஒரு குடியின் பெயர். இப்படி மக்கட் பெயர்கள் பண்புப் பெயர்களாக மாறியதை அவள் ஒரு தனித்தாளில் தொகுத்து வந்தாள். ஒருநாள் மாலை இவ்வாறு ஒரு வாக்கியம் வந்தது: "தம் ஆய்வுக்கூடத்தில் நடந்த முறைகேட்டை வெளியிட்டதற்காகத் தம்மைப் பாராட்டுவார்கள் என்று அவர் எதிர்பார்த்தார், மாறாக, அவர் தம் துறையினரிடையே ஒரு ____ ஆனார்." அவள் 'மாறாக' என்பதை வட்டமிட்டாள். 'ஒதுக்கப்பட்டவர்' என்று தமிழில் எழுதினாள். விடைகளைத் திறந்து, 'பரையா' என்பதைக் குறித்தாள். சரியான விடை. நொடியில் முடிந்தது.

பிறகு வழக்கம்போல் அகராதியைப் புரட்டினாள். அதன் பிறகு நெடுநேரம் அவளிடமிருந்து ஒலியே இல்லை. "அப்பா, இது தமிழ்ச் சொல் என்று போட்டிருக்கிறது. பறை என்பதிலிருந்து வந்ததாம்" என்றாள்.

நம் விழா மேடையில் ஈராண்டுகள் பறை முழக்கியவள் அவள். பெற்றோர்கள் பலர் எழுந்து நின்று கைதட்டியது உங்களுக்கும் நினைவிருக்கலாம். அவளுக்குப் பறை என்றால் அந்த மேடை, அந்தக் கைதட்டல். அதே சொல்லிலிருந்து பிறந்த ஒரு குடியின் பெயரை, உலகெங்கும் மாணவர்கள் 'யாரும் சேர்த்துக்கொள்ளாத ஆள்' என்ற பொருளில் கோட்டில் நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

பரணில் கிடந்த என் பழைய பாரன்ஸ் நூலை எடுத்துப் பார்த்தேன். அச்சொல்லுக்கு எதிரிலும் என் பென்சில் எழுத்து இருந்தது: 'விலக்கப்பட்டவன்'. அவ்வளவுதான். அடுத்த சொல்லுக்குப் போய்விட்டிருக்கிறேன். தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு அவ்விடத்தில் ஒரு நிமிடம் நிற்கத் தோன்றவில்லை. அஃபீசியஸ் என்னும் சொல்லை நான் அறியாமல் பிழைபட எழுதினேன். இச்சொல்லை நான் நன்றாக அறிந்திருந்தேன். அறிந்ததனால்தான் நிற்கவில்லை போலும்.

மகளிடம் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். புறநானூற்றின் 335ஆம் பாடலில் அக்குடி சிறந்த குடிகள் நான்கனுள் ஒன்றாகக் கூறப்படுவதைச் சொன்னேன். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் சென்னையில் தொடங்கிய இதழுக்கு, இழிவு என்று பிறர் கருதிய அப்பெயரையே தலைநிமிர்ந்து சூட்டியதைச் சொன்னேன். நூல்களிலிருந்து சொல்வது எளிதாக இருந்தது. அவள் விடவில்லை. "நம் ஊரில் எப்படி இருந்தது?" என்றாள்.

எங்கள் ஊரில் சாவு வீடுகளுக்குப் பறை முழக்க ஒரு பெரியவர் வருவார். ஊருக்கு வெளியே அவருடைய குடியிருப்பு. முழக்கி முடித்து நீர் கேட்டால், என் பாட்டி செம்பை உயர்த்திப் பிடித்து வார்ப்பார். அவர் குனிந்து இரு கைகளையும் குவித்து ஏந்திக் குடிப்பார். செம்பு அவர் கைகளைத் தொட்டு நான் பார்த்ததில்லை. தீண்டாமையை ஒழிக்கும் அரசியல் சட்டம் 1950இல் நடைமுறைக்கு வந்து ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. சிறுவனாகிய நான் திண்ணையில் அமர்ந்து அந்த முழக்கத்தைக் கேட்டுத் தொடையில் தாளம் போட்டிருக்கிறேன். பாட்டி நல்லவர் என்றுதான் மகளிடம் இதுகாறும் சொல்லி வந்திருக்கிறேன். அதுவும் பொய்யன்று.

"தேர்வில் இச்சொல் வந்தால் நான் என்ன செய்வது?" என்று கேட்டாள். விடை அதுவென்றால் அதனைக் குறித்துவிடு என்றேன். ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் பொருள் அது. தேர்வுத் தாளில் வாதாட இடமில்லை. "என் கட்டுரைப் பகுதியில் நான் எழுத மாட்டேன்" என்றாள். வேண்டா என்றேன்.

பிறகு தன் சொல் அட்டையை எடுத்துப் பின்புறத்தில் எழுதத் தொடங்கினாள். ஒவ்வொரு சொல்லுக்கும் தானே ஒரு வாக்கியம் எழுதுவது அவள் வழக்கம். பாதி எழுதிவிட்டு நிமிர்ந்து, "அந்தப் பெரியவரின் பெயர் என்ன அப்பா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. அவர் முகம் தெரிகிறது, தோளில் கிடந்த துண்டின் நிறம் தெரிகிறது, பறையைத் தீயில் காய்ச்சி அவர் தட்டிப் பார்த்த ஒலிகூட நினைவிருக்கிறது. எங்கள் வீட்டில் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததாக நினைவில்லை. குடிப்பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். மகள் அவ்விடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த அட்டையை எடுத்தாள்.

மறுநாள் ஊரிலுள்ள என் அக்காவைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. அப்பெரியவரின் பேரன் ஒருவர் பக்கத்து ஊரில் பள்ளி ஆசிரியராக இருக்கிறாராம். விசாரித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார். மகளுக்குத் தேர்வு அடுத்த மாதம். அந்த அட்டை இன்னும் மேசைமேல்தான் இருக்கிறது.