விரைவின் ஊரில் ஒரு வண்டி தேடி

கோயம்புத்தூர் என்றதும் நம் நினைவுக்கு வருவன பஞ்சாலைகளும், சிறுவாணித் தண்ணீரும், மேற்கே நீலத்திரையாய் நிற்கும் மலைத்தொடரும் ஆகும். ஆயினும் இந்நகருக்கு மற்றொரு முகமும் உண்டு. எஞ்சினின் ஓசையைக் கேட்டே அதன் நோயைச் சொல்லும் கைவினைஞர் நிறைந்த ஊர் இது.

இதற்கு மூலகாரணம் பருத்தியே எனலாம். ஆலைகளின் நூற்பு எந்திரங்களுக்கு உதிரி உறுப்புகள் வேண்டியிருந்தன. உழவர்களின் ஆழ்கிணறுகளுக்குப் பம்புகள் வேண்டியிருந்தன. ஆகவே வார்ப்படச் சாலைகளும் கடைசல் பட்டறைகளும் தெருவுக்குத் தெரு எழுந்தன. 1920-ஆம் ஆண்டில் ஜி.டி. நாயுடு அவர்கள் ஒரே ஒரு பேருந்தைத் தாமே ஓட்டிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தொழில் தொடங்கினார். அந்த ஒற்றை வண்டியிலிருந்து வளர்ந்த பெருமையை இன்று அவிநாசி சாலையில் அவர் பெயர் தாங்கிய கார் அருங்காட்சியகத்தில் நின்று எண்ணிப் பார்க்கலாம்.

நகரின் தெற்கே செட்டிபாளையத்தில் ஒரு பந்தயக்களம் இருக்கிறது. 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என்பது அதன் பெயர். ஆலை அதிபர் குடும்பத்தில் பிறந்து, கார்ப் பந்தயத்தில் உள்ளத்தைப் பறிகொடுத்த எஸ். கரிவரதன் அவர்களின் நினைவாக அமைந்தது அது. பந்தயக்கார் என்றால் செல்வந்தரின் விளையாட்டு என்றிருந்த காலத்தில், குடும்பங்கள் ஓட்டிய மாருதி 800 காரின் சின்னஞ்சிறு எஞ்சினையே பொருத்தி, எளிய விலையில் பந்தய வண்டிகளை உருவாக்கியவர் அவர். 1995-இல் வான்விபத்தொன்றில் அவர் மறைந்தார். அவர் விதைத்த விதை வீண்போகவில்லை. இவ்வூரின் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார்.

பந்தயக்களத்துக்குச் செல்வோர் பெரும்பாலும் விரைவையே காண்கின்றனர். அந்த விரைவைத் தாங்கி நிற்கும் ஒழுங்கை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். ஓட்டுநர் தலைக்கவசமின்றி அமர்வதில்லை. தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிணிக்கும் பட்டைகள் அவரை இருக்கையோடு கட்டுகின்றன. வளைவுதோறும் கொடியுடன் காவலர் நிற்கின்றனர். மருத்துவ ஊர்தி காத்திருக்கிறது. எதிரே வண்டி வருவதில்லை. குறுக்கே குழந்தை ஓடுவதில்லை. யாவற்றிலும் மேலாக, ஆய்வாளர்கள் பிரேக்கையும் சக்கரத்தையும் பட்டையையும் சோதித்து ஒப்புதல் அளிக்காத வண்டி களத்தில் இறங்குவதே இல்லை.

இந்த ஒரு விதியை மனத்திற்கொண்டுதான் அண்மையில் என் தங்கை மகனுடன் கோவைக்குப் புறப்பட்டேன். அவனுக்கு வயது இருபத்தாறு. திருப்பூரில் பின்னலாடை நிறுவனமொன்றில் பணி. சிறுவயது முதலே காரென்றால் அவனுக்கு உயிர். புதுக்கார் வாங்க வசதியில்லை. பழைய காராயினும் அது துள்ளி ஓடும் காராக இருக்க வேண்டும் என்பது அவன் ஆசை. கையிருப்பு நான்கு இலட்சம் ரூபாய். அதில் ஒன்றரை இலட்சம் அவனுடைய தாய் சீட்டுக் கட்டிச் சேர்த்தது. கணவனை இழந்து, தையல் எந்திரத்தின் முன் அமர்ந்து அவள் சேர்த்த பணம்.

அவிநாசி சாலையிலும் சத்தி சாலையிலும் பழைய கார்கள் விற்கும் இடங்கள் பல. துடைத்து மெருகேற்றிய வண்டிகள் வரிசையாக நின்றன. ஒரு விற்பனைக்களத்தில் செந்நிறக் காரொன்று அவன் கண்ணைக் கவர்ந்தது. அகன்ற டயர்கள், தாழ்ந்த உடல், பின்புறம் இறக்கை, இடிபோல் முழங்கும் சைலன்சர்! விலை மூன்று இலட்சத்துத் தொண்ணூறாயிரம்.

"மாமா, இதைவிட நல்ல வண்டி கிடைக்காது. இன்றே முன்பணம் கொடுத்துவிடலாமா?" என்றான்.

"வண்டி நல்லதாயின் நாளைக்கும் நல்லதாகவே இருக்கும். முதலில் ஆய்வு, பிறகு முன்பணம்" என்றேன்.

உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளுக்கு அப்பால் ஒரு சிறு பட்டறை. அதன் உரிமையாளர் அறுபதைக் கடந்த மெக்கானிக். இளமையில் பந்தய வண்டிகளுக்கு எஞ்சின் பூட்டியவர். எங்கள் வேண்டுகோளை ஏற்று உடன் வந்தார். அவர் செய்த சோதனைகளை இங்கே எழுதுகிறேன். நம் இல்லங்களில் பழைய வண்டி வாங்க எண்ணுவோர்க்கு அவை பயன்படும்.

எஞ்சின் சூடாயிருக்கிறதா என்று முதலில் தொட்டுப் பார்த்தார். குளிர்ந்த எஞ்சினே உண்மை பேசும் என்பது அவர் கொள்கை. கிளப்பியதும் புகையைக் கவனித்தார். நீலப்புகை எஞ்சின் எண்ணெய் எரிவதைக் காட்டும். அடர்ந்த வெண்புகை நில்லாது வந்தால் குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறது என்று ஐயுறலாம். கரும்புகை எரிபொருள் மிகுதியாகச் செலவாவதன் அடையாளம். எண்ணெய் மூடியின் அடியில் பால்போன்ற படிவு இருந்தால் அவ்வண்டியை விட்டுவிடுவதே நன்று.

அடுத்து டயர். அதன் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்பது பொருள். தேயாத டயராயினும் ஆண்டுகள் பல கடந்தால் ரப்பர் இறுகி வெடிக்கும். விரைவாக ஓட்டுவோர்க்கு அது பேராபத்து. செந்நிறக் காரின் அகன்ற டயர்கள் பளபளத்தன. ஆயினும் அவற்றின் வயது ஒன்பது ஆண்டுகள்!

பின்னர் பானெட்டைத் திறந்து, அதைப் பிணைக்கும் திருகாணிகளை உற்று நோக்கினார். அவற்றின் வண்ணம் உரிந்திருந்தது; எனவே ஒருமுறை கழற்றப்பட்டிருக்கிறது. முன்பகுதித் தகட்டில் தொழிற்சாலையின் சீரான பற்றுப்புள்ளிகள் இல்லை. கையால் பற்றவைத்த தழும்பே இருந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. உள்ளே அமர்ந்து சாவியைத் திருப்பினார்.

"தம்பி, இங்கே பாருங்க. சாவியைத் திருப்பியதும் காற்றுப்பையின் விளக்கு சில நொடி எரிந்து பிறகு அணையணும். இதிலே எரியவே இல்லை. மோதியபோது பை வெடித்திருக்கு. புதுசு வைக்கப் பணம் அதிகம். அதனால் விளக்கையே பிடுங்கிட்டாங்க."

என் மருமகன் அந்த ஓட்டுச்சக்கரத்தின் நடுவே கைவைத்துப் பார்த்தான். அதன் உள்ளே வெறுமையே இருந்தது. அவன் முகம் வெளுத்துவிட்டது. விற்பனையாளரிடம் கேட்டபோது, "சார், எல்லாம் பார்த்து வாங்குங்கள், நாங்கள் ஒன்றும் மறைக்கவில்லை" என்று விடை வந்தது. நாங்கள் வாதிடாமல் வெளியேறினோம்.

இவ்விடத்தில் ஒன்றைக் கூற வேண்டும். நம் நாட்டில் புதிய கார்கள் அனைத்திலும், சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். பிரேக் 2019 ஏப்ரல் முதல் கட்டாயமாயிற்று. ஓட்டுநருக்குக் காற்றுப்பை அதே ஆண்டு ஜூலை முதல். அதற்கு முற்பட்ட வண்டிகளில் உயர்விலை வகைகளிலேயே இவை பெரும்பாலும் இருந்தன. தாழ்ந்த வகைக்கு இறக்கையும் முழக்கமும் ஒட்டி உயர்ந்த வகையாய்க் காட்டுவாரும் உளர். விரையும் வண்டிக்கு முதல் அழகு அது நிற்கும் திறனே என்பதை மறத்தலாகாது.

மூன்று நாள் அலைந்தோம். உற்பத்தி நின்றுபோன நிறுவனங்களின் கார்கள் மலிவாகக் கிடைத்தன. ஓட்டுவதற்கு இனிய வண்டிகளும் அவற்றுள் இருந்தன. ஆனால் உதிரி உறுப்புக்கு வாரக்கணக்கில் காத்திருக்கும் நிலை மாதச் சம்பளக்காரனுக்கு ஏற்றதன்று. இறுதியில் ஆசிரியர் ஒருவர் ஓட்டிய 2014-ஆம் ஆண்டின் ஸ்விப்ட் கார் கிடைத்தது. பெட்ரோல் எஞ்சின், உயர்ந்த வகை, இரு காற்றுப்பைகள், ஏ.பி.எஸ். பிரேக். எடை குறைந்த குட்டை வண்டியாதலால் வளைவுகளில் சொன்னபடி கேட்கும். வண்ணமோ சாம்பல் நிறம். இறக்கையும் இல்லை, முழக்கமும் இல்லை.

மெக்கானிக் அதே வரிசையில் சோதித்தார். காற்றுப்பை விளக்கு எரிந்து அணைந்தது. கிளச் வழுக்கவில்லை. நேர்ச்சாலையில் கையைச் சற்றே தளர்த்தியபோதும் வண்டி ஒருபக்கம் இழுக்கவில்லை. விலை மூன்று இலட்சத்து இருபதாயிரத்துக்கு முடிந்தது. எஞ்சிய எண்பதாயிரத்தில் நான்கு புதிய டயர்கள், பிரேக் வேலை, காப்பீடு ஆகியவற்றை முடித்தும் கையில் மிச்சம் இருந்தது. கையிருப்பு முழுவதையும் விலையாகவே கொடுத்துவிடுவோர் பிறகு தேய்ந்த டயரிலேயே ஓட்ட நேரிடும்.

ஆவணங்களிலும் இதே கவனம் வேண்டும். ஆர்.சி. புத்தகத்தின் சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டும். கடன் குறிப்பு இருப்பின் படிவம் 35-ஆல் நீக்கப்பட வேண்டும். உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29-உம் 30-உம் வேண்டும். காப்பீட்டைப் பதினான்கு நாள்களுக்குள் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்தல் வேண்டும். தனியார் காரின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்கே செல்லும்; பின்பு தகுதிச் சோதனையுடன் புதுப்பிக்க வேண்டும்.

திரும்பும் வழியில் கருமத்தம்பட்டி செபமாலை அன்னையின் திருத்தலத்தில் நின்றோம். அருட்தந்தை ஒருவர் வண்டியை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். பின்பு புன்னகையுடன், "இது வண்டிக்கான காப்பு மட்டுமன்று தம்பி, எதிரே வருபவனுக்காகவும் வேண்டியிருக்கிறேன்" என்றார். 2007-ஆம் ஆண்டில் திருப்பீட அவையொன்று வாகனம் ஓட்டுவோர்க்கெனப் பத்துக் கட்டளைகளை வெளியிட்டது. கொலை செய்யாதே என்பதே அவற்றுள் முதலாவது. கார் அதிகாரத்தைக் காட்டும் கருவியாகவோ, பாவத்துக்கு ஏதுவாகவோ ஆகலாகாது என்பது ஐந்தாவது. அருட்தந்தையின் ஒரு வரியில் இவ்விரண்டும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றியது.

வீட்டு வாயிலில் தங்கை காத்திருந்தாள். வண்டியின் நிறத்தையோ விலையையோ அவள் கேட்கவில்லை. "பிரேக் நன்றாகப் பிடிக்கிறதா, அண்ணா?" என்றுதான் கேட்டாள். மகன் சாவியை அவள் கையில் கொடுத்து, "முதலில் நீங்கள் ஏறுங்கள், அம்மா" என்றான்.

பெற்றோரே, விரைவின்மேல் இளைஞர் கொள்ளும் வேட்கையை ஏளனம் செய்யாதீர்கள். அது இளமையின் இயல்பு. கோவையில் அதுவே கலையாகவும் தொழிலாகவும் மலர்ந்திருக்கிறது. மறுத்துப் பேசி ஒதுக்கினால் அவர்கள் தனியே சென்று செந்நிறக் காரையே வாங்குவர். உடன் செல்லுங்கள், நல்லதொரு மெக்கானிக்கை அழைத்துச் செல்லுங்கள், விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். வேகமாக ஓட்டிப் பார்க்கும் ஆசை மிகுந்தால் செட்டிபாளையத்துக்கு அனுப்புங்கள். சாலை அனைவருக்கும் உரியது.