இரண்டாம் ஆண்டுக் கணக்கு

(இளநிலை வணிகவியல், இரண்டாம் ஆண்டு மாணவி)

வணிகவியல் பயில்வோர் என்றால் கூட்டவும் கழிக்கவும் தெரிந்தவர்கள், அவ்வளவுதான் என்பது நம் கல்லூரியில் பரவலாக நிலவும் எண்ணம். தமிழ்த்துறை நண்பர் ஒருவர் உணவு இடைவேளையில், “உங்கள் பாடு எளிது. ஒரு கவிதைக்குப் பத்துப் பேர் பத்துப் பொருள் சொல்வார்கள். உங்களுக்கு இருப்புநிலைக் குறிப்பின் இரண்டு பக்கமும் சமமாகிவிட்டால் வேலை முடிந்தது” என்றார். அதற்குள் மணி அடித்துவிட்டது. அவருக்குச் சொல்ல நினைத்ததை ஆண்டு மலரில் எழுதுகிறேன்.

முதலாண்டுக் கணக்கியலைப் பொறுத்தவரை அவர் சொன்னது பெரும்பாலும் உண்மை. விதிகள் உண்டு, விதிப்படி எழுதினால் விடை வரும். வராவிட்டால் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டுவிட்டுப் பிழையைத் தேடலாம். அந்த ஆண்டில் எங்களைத் திணறடித்தது கணக்கல்ல, பற்று, வரவு என்னும் இரண்டு தமிழ்ச் சொற்கள். என் தந்தையார் எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் 22 ஆண்டுகளாக மளிகைக் கடை வைத்திருக்கிறார். கல்லாவுக்குக் காசு வந்தால் அது வரவு. வாடிக்கையாளர் கடனுக்குச் சரக்கு எடுத்தால் அது பற்று. இதில் என்ன ஐயம் இருக்க முடியும்? ஆனால் கல்லூரியிலோ, ரொக்கம் வந்தால் ரொக்கக் கணக்கைப் பற்று செய் என்கிறார்கள். இதை வீட்டில் சொன்னபோது அப்பா, “காசு வந்தா வரவும்மா. அதைப் பற்றுன்னு சொல்லிக்கொடுக்கிற காலேஜுக்கா தினமும் முக்கால் மணி நேரம் பஸ்ஸில் போறே?” என்றார்.

எங்கள் பேராசிரியர் இதற்கு அழகான விளக்கம் தந்தார். கல்லாப்பெட்டியை ஓர் ஆளாக நினைத்துக்கொள்ளுங்கள். கடன் வாங்கும் வாடிக்கையாளர் உங்கள் சரக்கைப் பற்றிக்கொண்டு போகிறார். அதனால் அவர் பெயரில் பற்று. கல்லாப்பெட்டி உங்கள் காசைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதனால் அதன் பெயரிலும் பற்று. இரண்டு பேருமே உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள். இதைக் கேட்ட பிறகு அப்பா, “பெட்டியையும் கடன்காரன் ஆக்கிட்டீங்க” என்று சிரித்தார். ஆனால் விளக்கத்தை ஏற்றுக்கொண்டார்.

இந்த இரட்டைப் பதிவு முறையை முதன்முதலில் அச்சு நூலில் விரிவாக விளக்கியவர் லூக்கா பாசியோலி என்ற இத்தாலியத் துறவி. 1494-இல் வெனிஸ் நகரில் அச்சான அவருடைய கணித நூலின் ஒரு பகுதி அது. அவர் அதைக் கண்டுபிடித்தவர் அல்லர். வெனிஸ் வணிகர்கள் ஏற்கெனவே எழுதிவந்ததை முறைப்படுத்தி எழுதினார். வணிகர் தம் முதல் கணக்கேட்டில் சிலுவைக் குறி இட்டுத் தொடங்க வேண்டும் என்று அவர் சொல்வதைப் படித்தபோது எனக்கு எங்கள் கடை நாள்வழியின் முதல் பக்கத்துப் பிள்ளையார் சுழி நினைவுக்கு வந்தது. நெல் அளக்கும்போது ‘ஒன்று’ என்பதற்குப் பதிலாக ‘லாபம்’ என்று எண்ணத் தொடங்குபவர்கள் நாம். பணத்தின் முன் எல்லா நாட்டு வணிகருக்கும் சற்று அச்சம் இருந்திருக்கிறது.

இரண்டாம் ஆண்டில் நிறுமம் வந்தது. ஒரு நிறுமம் அதன் உரிமையாளர்களிலிருந்து வேறான ஒரு நபர் என்பது பாடம். இதற்கு எல்லாரும் எடுத்துக்காட்டுவது லண்டன் காலணி வியாபாரி சாலமனின் வழக்கு. 20,007 பங்குகளில் 20,001 அவருடையது. மீதி ஆறு பங்குகள் மனைவிக்கும் ஐந்து பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒன்று. ஆளும் அவரே, நிறுமமும் அவரே என்று யாருக்கும் தோன்றும். ஆனால் நிறுமம் வேறு, சாலமன் வேறு என்று பிரபுக்கள் சபை 1896-இல் தீர்ப்புச் சொன்னது. எங்கள் கடை நிறுமம் அன்று. சட்டத்தின் கண்ணில் கடையும் அப்பாவும் ஒன்றே. கடைக் கடனுக்கு வீட்டையும் கேட்கலாம். ஆயினும் கணக்கியல், சட்டத்தைவிட ஒரு படி மேலே போய், தனிநபர் கடையையும் அதன் உரிமையாளரிடமிருந்து பிரித்தே எழுதச் சொல்கிறது. கடையிலிருந்து வீட்டுக்கு எடுத்த ஒரு கிலோ துவரம்பருப்பும் எடுப்பு. எங்கள் கடையில் ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். அட்டையோ என் தம்பியின் வங்கிக் கணக்குக்குரியது! தனித்தன்மைக் கருத்து எங்கள் வீட்டில் பட்ட பாட்டை இதிலிருந்து அறியலாம்.

பங்கு வெளியீடு, ஒறுப்பிழப்பு, மறு வெளியீடு ஆகியவை தேர்வுக்குக் கைகொடுப்பவை. 10 ரூபாய்ப் பங்குக்கு 6 ரூபாய் கட்டிவிட்டு மீதியைக் கட்ட முடியாமல் போனவரின் 100 பங்குகளைப் பறித்து, 8 ரூபாய்க்கு வேறொருவருக்கு விற்றால், நிறுமத்துக்கு 400 ரூபாய் மூலதனக் காப்பு கிடைக்கிறது. பதிவுகள் நான்கு வரிகளில் முடிந்துவிடும். கட்ட முடியாமல் போனவர் யார், ஏன் முடியவில்லை என்பதற்கு அந்த வரிகளில் இடமில்லை. இருக்கட்டும்.

உண்மையில் இரண்டாம் ஆண்டு தொடங்குவது, யாராலும் எண்ணிப் பார்க்க முடியாத தொகைகளை எழுத வேண்டி வரும்போதுதான். எங்கள் கடையில் 28,000 ரூபாய்க்கு வாங்கிய குளிர்பதனப் பெட்டி இருக்கிறது. பத்தாண்டு உழைக்கும் என்று கொண்டு நேர்க்கோட்டு முறையில் போட்டால் ஆண்டுத் தேய்மானம் 2,800 ரூபாய். குறைந்து செல் மதிப்பு முறையில் 15 விழுக்காடு போட்டால் முதலாண்டுக்கு 4,200 ரூபாய். பெட்டி ஒன்று, இலாபம் இரண்டு! எது சரி என்று கேட்டால், தக்க காரணத்தோடு எதையும் எடுக்கலாம், எடுத்ததை ஆண்டுதோறும் மாற்றாதே என்பதுதான் விடை. தமிழ்த்துறை நண்பர் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். பேராசிரியர் அடிக்கடி சொல்வார்: “வினாத்தாளில் சரிக்கட்டுதல்களைக் கணக்குக்கு அடியில் அச்சடித்துக் கொடுத்துவிடுகிறோம். வெளியே போனால் அவற்றை நீங்கள்தான் எழுத வேண்டும்.”

வெளியே போகும்வரை காத்திருக்கத் தேவையின்றி எனக்கு அந்த வேலை வந்தது. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் எங்கள் கடையை எடுத்துக்கொள்ள விரும்பினார். சரக்குக்கும் சாமான்களுக்கும் உரிய விலை போக, கடையின் பெயருக்காக 50,000 ரூபாய் தருவதாகவும், இடத்துக்கு மாதம் 4,000 ரூபாய் வாடகை தருவதாகவும் சொன்னார். அப்பாவுக்கு முழங்கால் வலி. அதிகாலையில் சந்தைக்குப் போய்வருவது சிரமமாகிவிட்டது. ஆனால் 50,000 என்ற தொகை அவரைப் புண்படுத்தியது. “22 வருஷப் பேருக்கு அம்பதாயிரமா?” என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

நற்பெயரை மதிப்பிடுதல் எங்கள் பாடத்தில் ஓர் அத்தியாயம். உயர் இலாப முறை என்று ஒன்று உண்டு. கடையின் சராசரி இலாபத்திலிருந்து, அதே முதலை வேறு எதில் போட்டாலும் கிடைக்கக்கூடிய இயல்பான இலாபத்தைக் கழிக்க வேண்டும். எஞ்சுவது உயர் இலாபம். அதை இத்தனை ஆண்டுகள் என்று ஓர் எண்ணால் பெருக்கினால் நற்பெயரின் மதிப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்தபின் சிட்டைகளையும் பற்று வரவு நோட்டையும் எடுத்துக்கொண்டு அமர்ந்தோம். சராசரி காண மூன்றாண்டுக் கணக்காவது வேண்டும். எங்களிடம் முழுதாக இருந்தது ஓராண்டுச் சிட்டைதான். எலிக்கும் மழைக்கும் தப்பியது அவ்வளவே.

மொத்த வியாபாரிக்குக் கொடுத்தது போக மாதம் 17,000 ரூபாய் மிஞ்சும் என்றார் அப்பா. ஆண்டுக்கு 2,04,000. வீட்டுக்கு எடுத்த அரிசி, பருப்பு, எண்ணெய் எடுப்புகள் ஆகையால் அவற்றையும் கூட்ட வேண்டும். மாதம் 3,000 என்று வைத்து 36,000. ஆக 2,40,000. அப்பாவின் முகம் மலர்ந்தது.

பிறகு கழிக்கத் தொடங்கினேன். கட்டடம் சொந்தம், ஆனால் அதற்கு 4,000 ரூபாய் வாடகை வரும் என்று இப்போது தெரிந்துவிட்டது. ஆண்டுக்கு 48,000. அப்பா வேறு கடையில் வேலை பார்த்தால் கிடைக்கக்கூடிய சம்பளம் மாதம் 10,000 என்று அவரே சொன்னார். 1,20,000. கடன் நோட்டில் மட்டும் தகராறு வந்தது. மொத்தம் 86,000 ரூபாய் வர வேண்டும். குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டவர்கள் பெயரும் அதில் இருந்தது. வாராக்கடன் என்று சொன்னவுடனே அப்பா நோட்டை மூடிவிட்டார். “அவங்க தராம போறவங்க இல்லை. அப்படி எழுதினா அவங்களை நாமே அவமானப்படுத்தின மாதிரி.” வாரா ஐயக்கடன் ஒதுக்கு என்பது எந்த ஒருவர் பெயரிலும் எழுதப்படுவதில்லை, மொத்தத்தின்மேல் இத்தனை விழுக்காடு என்றுதான் எழுதப்படும், எவருடைய கடனும் அதனால் தீர்ந்துபோகாது என்று விளக்கினேன். “பேர் எழுத வேண்டாம்னா சரி” என்றார். 5 விழுக்காட்டுக்கு 4,300 ரூபாய். இந்த ஒதுக்கைப் பாடநூலில் முன்னெச்சரிக்கை என்ற தலைப்பில் படித்திருக்கிறேன். அதில் கண்ணியமும் இருக்கிறது என்பது அன்றுதான் தெரிந்தது.

அடுத்து, “அம்மாவுக்கு எவ்வளவு?” என்று கேட்டேன். அப்பா விழித்தார். காலை ஆறு மணி முதல் அப்பா சந்தையிலிருந்து திரும்பும்வரையும், மீண்டும் மாலை விளக்கு வைத்த பிறகும் கடையில் நிற்பவர் அம்மா. பொட்டலம் கட்டுபவரும் அவரே. அரைநாள் ஆளுக்குக் கொடுக்கும் கூலியைப் போட்டாலும் மாதம் 5,000 ஆகும். 60,000 என்று எழுதினேன். அம்மா உள்ளேயிருந்து வந்து தாளைப் பார்த்து, “இது என்ன, என் பேருக்கு நேரே?” என்றார். சொன்னோம். ஒன்றும் பேசாமல் அந்த எண்ணையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் கழித்து, தேய்மானமும் போக, நின்றது 4,900 ரூபாய். மொத்த வியாபாரிக்குத் தர வேண்டியது நீங்கலாக, சரக்கு, சாமான், கடன் நோட்டு எல்லாம் சேர்ந்து கடையில் கிடக்கும் முதல் ஏறத்தாழ 3,00,000. பத்து விழுக்காடு என்றால் இயல்பான இலாபம் 30,000 வர வேண்டும். 25,100 ரூபாய் குறைகிறது. உயர் இலாபம் இல்லை. ஆகவே சூத்திரத்தின்படி எங்கள் கடைக்கு நற்பெயரே இல்லை. வந்தவர் தருவதாகச் சொன்ன 50,000, கணக்கியல் கண்ணுக்குத் தாராளமான தொகை.

இதை அப்பாவிடம் சொல்வது எளிதாக இல்லை. ஊரில் யார் வீட்டில் காரியம் என்றாலும், கையில் காசில்லாமல் முதலில் வந்து நிற்கும் இடம் அவர் கடை. அந்தப் பெயருக்குச் சூத்திரம் சுழியம் போடுகிறது. சூத்திரத்தைக் குறைசொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. நற்பெயர் இல்லாததால் அல்ல, அந்தப் பெயருக்கான விலையை நாங்களே ஆண்டுதோறும் கொடுத்துவந்ததால்தான் சுழியம் வந்தது: வாடகை வாங்காமல், கூலி வாங்காமல், கடனைக் கேட்காமல். பேராசிரியரிடம் தாளைக் காட்டினேன். கூட்டலைச் சரிபார்த்தார், தேய்மான முறையைக் கேட்டார். பிறகு, “அம்மா சம்பளத்தை நீயாகவா எழுதினாய்?” என்று கேட்டுவிட்டுத் தாளை மடித்துக் கொடுத்தார்.

அப்பா இன்னும் அந்த மனிதருக்குப் பதில் சொல்லவில்லை. தாளைக் கல்லாப்பெட்டியில் வைத்திருக்கிறார். இரவில் சில நாள் எடுத்துப் பார்க்கிறார். அம்மாதான் காத்திருக்கவில்லை. சித்திரை முதல் நாள் புதுக்கணக்குப் போட்டபோது, பிள்ளையார் சுழிக்குக் கீழே தம் பெயருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கச் சொன்னார். ஒதுக்கினேன். மாதா மாதம் 5,000 ரூபாய், கொடுபட வேண்டிய சம்பளம் என்று பொறுப்புகள் பக்கத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது. சென்ற வாரம் அப்பா அதில் 500 ரூபாய் கொடுத்து, இரண்டாம் ஆண்டு படிப்பவள் என்னிடம், “இதைப் பற்றுல எழுதணுமா, வரவுலயா?” என்று கேட்டார்.